மகள் பெயரில் ஒரு கையெழுத்து

சுரங்கத்துச் சாலைக்குத் தண்ணீர் விடுவதைச் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல நினைத்துவிடக் கூடாது. செடிக்குக் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். சாலை பொறுக்காது. குறைந்தால் புழுதி எழும்பி, முன்னால் போகிற டிப்பரின் விளக்குகூடப் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. கூடினால் சேறு. நாற்பது டன் பாரத்தோடு இறங்குகிற வண்டி, பிரேக்கை மிதித்தாலும் தன்பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போகும். அதனால் சமதரையை முழுக்க நனைக்க வேண்டும். சரிவை விட்டு விட்டு நனைக்க வேண்டும். பத்தடி ஈரம், பத்தடி காய்ந்த தரை. ஈரத்தில் புழுதி அடங்கும், காய்ந்ததில் சக்கரம் பிடிக்கும். லாரியின் பின்னால் குறுக்காக ஒரு துளைக்குழாய் ஓடும். அதைத் திறந்து மூடுகிற கைப்பிடி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில். கை அதில், கண் பக்கக் கண்ணாடியில், கால் பிரேக்கில். பதினேழு வருஷமாக இதைச் செய்கிறவரைச் சுரங்கத்தில் எல்லாரும் மழைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை மழைக்காரர் சரிவு முழுவதையும் நனைத்துவிட்டார்.

மேற்பார்வையாளன் ஜீப்பில் வந்து இறங்கினான். அவரைவிடப் பத்து வயது சின்னவன். "என்னண்ணே, மழைக்கு இன்னிக்கு நிதானமே இல்ல? சரிவு பூரா குளமாக் கெடக்கு. ரெண்டு வண்டிய மேலயே நிறுத்தி வெச்சிருக்கேன்."

"கை தவறிடுச்சுப்பா."

"கை தவறிச்சா, புத்தி தவறிச்சா?" அவன் சட்டைக்குள்ளிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்தான். "உங்க வீட்டு வாத்து வந்திருக்கு. பாத்தீங்களா?"

பார்த்துவிட்டார். விடியற்காலை டீக்கடையிலேயே பார்த்துவிட்டார். அதிலிருந்துதான் இருப்புக்கொள்ளவில்லை. முந்தின நாள் நடந்த ஊர்வலத்தின் படம். இரண்டாவது மலையையும் வெட்டக் கூடாது என்று ஏரிக்கரையிலிருந்து அரசு அலுவலகம் வரைக்கும் பதினோரு கிலோமீட்டர் நடந்திருந்தார்கள். அந்த மலையில் விழுகிற மழைதான் ஓடையாக இறங்கி ஏரிக்கு வருகிறது. மலை போனால் ஓடை போகும், ஓடை போனால் ஏரி போகும், பிறகு ஊர்க் குழாயில் காற்றுதான் வரும். படத்தில் முன்வரிசையில் அவர் மகள். வேகநடை வீராங்கனை, தேசிய அணித் தேர்வுக்குப் பெயர் போயிருக்கிறவள். இடுப்பை ஆட்டி நடக்கிற நடைக்காகத் தெருவே வைத்த பெயர் வாத்து. படத்துக்குக் கீழே அவள் ஒலிபெருக்கியில் பேசியதைப் போட்டிருந்தார்கள்: 'எங்கப்பாதான் அங்க தண்ணி லாரி ஓட்டுறாரு. முன்னாடி ஏரியில உறிஞ்ச ரெண்டு குழாய் போதும். இப்ப அஞ்சு வேணும். சந்தேகம் இருந்தா அவரையே கேளுங்க.'

"கேளுங்கன்னு சொல்லிருக்கு. கேக்குறேன்" என்றான் மேற்பார்வையாளன். "எத்தனை குழாய்ண்ணே?"

"அஞ்சு."

"உண்மையத்தான் சொல்லிருக்கு. அதாண்ணே தலைவலி. பொய்யா இருந்தா ஒரு மறுப்பு போட்டுட்டுப் போயிடலாம்."

"போன வாரமே ஆறாவது வேணும்னு ஸ்டோர்ல எழுதிக் குடுத்தேனே, நீதான கையெழுத்துப் போட்ட."

"அதை வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க!" என்றான் அவன், ஜீப்பில் ஏறிக்கொண்டே. "சரிவுல மண்ணு போடச் சொல்றேன். கையை அடக்கி ஓட்டுங்க. வீட்ல வாயையும் அடக்கச் சொல்லுங்க."

குழாய்க் கணக்கு எளிது. ஒரு குழாய் இருபதடி. லாரி கரையில் நிற்கும். குழாயின் நுனியில் சல்லடை மாட்டிய மூடி தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். மேலே தெரிந்தால் மோட்டார் காற்றை உறிஞ்சிக் கதறும். தண்ணீர் பின்வாங்கினால் இன்னொரு குழாயை மாட்டி நீட்ட வேண்டும். ஏரி எவ்வளவு வற்றியது என்று அளக்க ஊரில் வேறு கருவி கிடையாது. ஒரு நாள் சாப்பிடும்போது அவர்தான் மகளிடம் இதைச் சொன்னார், ஏதோ தொழில் நுணுக்கம் சொல்கிற உற்சாகத்தில். அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. அவர் வேலை முடிந்து வந்தபோது மனைவி ரொட்டி ஆலையிலிருந்து திரும்பி, முழங்கைவரை ஒட்டியிருந்த மாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஓரம் தீய்ந்து விற்காமல் போன ரொட்டிகள், அவித்த முட்டைகள். வெளியே மேகம் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது; மூன்று நாளாக இதே பாசாங்கு. மகள் உப்புத் தண்ணீர் வாளிக்குள் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் கடிதம்.

"தடகளச் சங்கத்துலேருந்துப்பா. செவ்வாக்கிழமை விசாரணை. ஏன் என்னைத் தேர்வுப் பட்டியல்லேருந்து எடுக்கக் கூடாதுன்னு நான் விளக்கம் குடுக்கணுமாம்."

"ஊர்வலம் போனதுக்கா?" என்றாள் தாய். "கொலையா பண்ணிட்ட?"

"போக மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேனாம்மா. நகல் வெச்சிருக்காங்க." அவள் இரண்டாவது தாளைத் தூக்கிக் காட்டினாள். "ஒன்பதாவது பிரிவு. எந்தவிதமான போராட்டத்திலும் கலந்துக்க மாட்டேன். கீழ என் கையெழுத்து."

மழைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். கடைசி எழுத்தின் வால் மேலே ஏறி, ஒரு சுழி சுழித்து நின்றது. அது மகளின் கையெழுத்து இல்லை. அவர் போட்டது.

"போட்டியா, போடலையா?" என்றாள் மனைவி.

"போட்டிருப்பேம்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஷூவும் துணியும் குடுத்தாங்களே, அன்னிக்கு. ஒரே கூட்டம். படிக்காமப் போட்டிருப்பேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." அவள் வாளிக்குள் கால் விரல்களை விரித்து விரித்து மூடினாள். "இப்ப வாக்குக் குடுத்துட்டு மீறினவளா ஆயிட்டேன். போனது தப்புன்னு எனக்குத் தோணல. ஆனா சொன்ன சொல்லு மாறினது தப்புதானே? அதுக்கு மன்னிப்பு எழுதித்தான் ஆகணும்."

"எழுதிக் குடுத்துத் தொலை. ஞாயித்துக்கிழமை தேர்வு. பத்து வருஷமா விடியக் காலைல எழுந்தது எதுக்கு?"

"தேர்வுக்காக எழுதலம்மா. சொல்லுக்காக."

மழைக்காரர் ஒரு முட்டையை எடுத்து உரித்தார். இன்னொன்றை எடுத்து உரித்தார். ஐந்து முட்டைகளை உரித்து வரிசையாக வைத்துவிட்டு, எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "ஏங்க, எறும்புப் புத்துமேல உக்காந்த மாதிரி?" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம். ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் பாதை. அதில் மகள் நடப்பாள். அவர் சைக்கிளில் பக்கத்தில் வருவார். அவர் வேலை அவள் முட்டியைப் பார்ப்பது.

வேகநடை பார்க்கச் சிரிப்பாக இருக்கும். செய்து பார்த்தால் சிரிப்பு வராது. சட்டம் இரண்டுதான். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னால் பதிகிற கால், பதிந்த நொடியிலிருந்து உடம்பு அதற்கு நேர்மேலே வரும்வரை, முட்டி மடங்கக் கூடாது. முட்டியை மடக்காமல் வேகம் கூட்டவேண்டுமானால் இடுப்பைத் திருப்பித்தான் எட்டு வைக்க வேண்டும். ஓட்டத்தின் விளிம்பில் இருபது கிலோமீட்டர் நின்றுகொண்டு, ஓடிவிடாமல் இருப்பதுதான் போட்டி. நடுவர்களிடம் கருவி ஏதும் கிடையாது. வெறும் கண்ணால் பார்த்துச் சிவப்புச் சீட்டு எழுதுவார்கள்.

"மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. நிக்க மாட்டேன். நாலாவது சுத்துதான்."

"நின்னாத் தேவல."

"நின்னா கால் இறுகிடும்பா."

அவர் மிதியை நாலு சுற்றுச் சுற்றினார். "அந்தக் கையெழுத்து நீ போட்டது இல்ல. நான் போட்டது."

அவள் எட்டு மாறவில்லை. கைகள் அதே அளவில் ஆடின. இருபது முப்பது அடி போன பிறகுதான் கேட்டாள். "எதுல போட்டது?"

"எல்லாத்துலயும்."

"எல்லாத்துலயும்னா?"

"உனக்குப் பதினெட்டு ஆனதுக்கப்புறம் வந்த அத்தனை விண்ணப்பத்துலயும். நீ மைதானத்துல இருப்ப, வரிசையில நான் நிப்பேன். 'பொண்ணு எங்க, அவதான் போடணும்'பாங்க. 'தோ வர்றா'ன்னு சொல்லிட்டுத் தூணுக்குப் பின்னாடி போய் நானே போட்டுக்கிட்டு வந்துடுவேன். உன்னோட கையெழுத்தே நான் சொல்லிக் குடுத்ததுதானே. எனக்கு வராதா?"

"தூணுக்குப் பின்னாடியா?" அவளுக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது.

"எல்லா ஊர் ஸ்டேடியத்துலயும் ஒரு தூண் இருக்கும்மா."

சிரிப்பு பாதியில் நின்றது. "நேத்து ராத்திரி பூரா நான் தூங்கல. வாக்கு மாறிட்டேனேன்னு மன்னிப்புக் கடிதம் மூணு தடவ எழுதிக் கிழிச்சேன். நீங்க பக்கத்துல உக்காந்து முட்டை உரிச்சீங்க!"

"அதுதான் முடிஞ்சுது."

"படிச்சாவது பாத்தீங்களா?"

"ஷூ அளவு எழுதுற தாளை மூணு தடவ படிச்சேன். அரை அளவு மாறினாலும் உனக்கு நகம் கழண்டுடும்ல. மொத்தம் பதினோரு தாளு. இது எங்கயோ அடியில இருந்துச்சு."

"ஷூவப் படிச்சீங்க. என் வாயை எழுதிக் குடுத்துட்டீங்க."

லாரி தண்ணீர் எடுக்கிற இடம் வந்தது. சேற்றில் ஐந்து குழாய்களும் மலைப்பாம்பு போல நீண்டு கிடந்தன. நுனிச் சல்லடையில் பாதி வெளியே தெரிந்தது.

"முட்டி பாக்குறீங்களா இல்லையா?"

"பாத்துட்டுத்தான் வர்றேன். வலது லேசா மடங்குது."

"கோவம்."

"தெரியுது."

அரைச் சுற்று போனது. பிறகு அவர் இரவெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொன்னார். "செவ்வாக்கிழமை நானே அவங்ககிட்டச் சொல்லிடுறேன். பொண்ணு போடல, எதுவும் தெரியாது, தப்பு என்னோடதுன்னு. உன் மேல ஒண்ணும் நிக்காது. ஞாயித்துக்கிழமை நீ நடக்கலாம்."

"சொல்லுங்க. சொல்லித்தான் ஆகணும். ஆனா அது உங்க கதைப்பா. என்னோடது வேற."

"என்னது வேற?"

"போட்டிருந்தா நான் போனது தப்பு, போடலன்னா சரியா? அப்படி வெச்சுக்கிட்டா ஒரு பேனாவுலதான் எல்லாம் இருக்குன்னு ஆயிடும். ஜெர்சியில சுரங்கக் கம்பெனி பேரு இருக்கு, சரி, அவங்க துணி. உள்ள இருக்கறது நான்தானே? நான் ஒண்ணும் மைதானத்துல போய்க் கொடி பிடிக்கல. லீவு நாள்ல, என் துணியில, என் ஊர் ரோட்டுல, எல்லாரும் மாதிரி நடந்தேன். அதுவும் மெதுவா நடந்தேன்! அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பக்கத்துல வந்த அக்கா 'ஏண்டி இழுத்துக்கிட்டு ஓடுற'ன்னு முந்தானையப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினாள். சைக்கிள் பின்தங்கியது.

தடகளச் சங்கத்து அலுவலகம் மைதானத்துப் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. மேலே படிகள் என்பதால் உள்ளே கூரையும் படிப்படியாக இறங்கி வரும். வாசலில் நிமிர்ந்து நுழைகிறவர்கள் உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செயலாளர், ஒரு காலத்தில் தடை தாண்டி ஓடியவர். ஒரு பக்கம் வக்கீல். மறுபக்கம் இருந்தவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பின்சுவரில் சங்கத்தின் பதாகை. அதில் சுரங்கக் கம்பெனியின் பெயர் சங்கத்தின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது.

மழைக்காரர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தூணையும் மறைக்கவில்லை.

வக்கீல் நிமிர்ந்தார். "அப்படின்னா நாலு வருஷத்து விண்ணப்பம் எதுவுமே செல்லாதே? வாங்கின மெடலையும் யோசிக்கணுமே?"

"சும்மா இருங்க சார்" என்றார் செயலாளர். "மெடலுக்கு அவரா நடந்தாரு?" பிறகு மழைக்காரரிடம், "இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். அப்பாக்கள் பண்ற கூத்து எனக்குத் தெரியாததில்ல. நீங்களே சொன்னதால விட்டுடுறேன். பழைய தாள் போகட்டும்." ஒரு புதுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். "அம்மா, நீயே உன் கையால போடு. ஞாயித்துக்கிழமை வந்து நட. முடிஞ்சுது."

மழைக்காரருக்கு மூச்சு வந்தது.

மகள் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள். அவசரமே இல்லை. "ஊக்கமருந்து எடுக்க மாட்டேன். சரி. அணி உடையில விளம்பரத்துல நடிக்க மாட்டேன். சரி, இதுவரைக்கும் யாரும் கூப்பிடல." செயலாளருக்குச் சிரிப்பு வந்தது. "ஒன்பது. நேரடியாகவோ மறைமுகமாகவோ எந்தப் போராட்டத்திலும்... மறைமுகமான்னா என்ன சார்? வீட்ல உக்காந்து மனசுக்குள்ள திட்டினாலா?"

"அது சந்தர்ப்பத்தைப் பொறுத்து" என்றார் வக்கீல்.

"ஒன்பதை அடிச்சுட்டு மத்த எல்லாத்துக்கும் போடுறேன் சார். அணி உடையோட போராட்டத்துக்குப் போக மாட்டேன்னு மாத்தி எழுதுங்க, அதுக்கும் போடுறேன். போட்டி நடக்கற இடத்துல எதுவும் பண்ண மாட்டேன்னு எழுதுங்க, அதுக்கும்."

"இது நான் எழுதினது இல்லம்மா. மேலேருந்து அச்சடிச்சு வர்றது. ஒரு புள்ளிகூட மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது."

"நீ என்ன, மலையைத் தலையில தூக்கி வெச்சிருக்கியா?" என்றார் வக்கீல். "கூட்டத்துல ஒருத்தி குறைஞ்சா என்ன ஆயிடப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது சார். அப்ப நான் போனதாலயும் உங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே." அவள் தாளை மேஜையில் வைத்தாள். "தெரியாமப் போட்டதுன்னா மன்னிப்புக் கேட்டிருப்பேன். தெரிஞ்சு போட முடியாது. வர்றேன் சார்." கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, வாசலில் நிமிர்ந்து, போய்விட்டாள்.

மழைக்காரர் பின்னால் எழுந்தபோது செயலாளரும் எழுந்து வந்தார். நடைவழியில் தோளைத் தொட்டு நிறுத்தினார். கையில் அதே தாள்.

"நாலு மணிக்குப் பட்டியல் அனுப்பணும். இப்ப மூணரை." குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷம் அவ நேரத்துக்குப் பக்கத்துல யாருமே இல்லங்க. எனக்குத் தெரியும், நான் பாத்திருக்கேன். கோவத்துல போகுது குழந்தை. நீங்க பெரியவங்க. எப்பவும்போல நீங்களே போட்டுருங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன். அவளுக்கும் தெரிய வேணாம். சங்கமே மனசு மாறிடுச்சுன்னு நினைச்சுக்கட்டும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. பேனாவையும் அவரே நீட்டினார்.

மழைக்காரர் தாளைச் சுவரில் வைத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார். மூன்று நொடி வேலை. கடைசி எழுத்தின் வாலை மேலே ஏற்றி ஒரு சுழி. விரல்கள் தாமாகவே அந்த வடிவத்துக்கு மடங்கின. ஞாயிற்றுக்கிழமை அவள் கோட்டில் நிற்பாள். நடுவர்கள் குனிந்து அவள் முட்டியைப் பார்ப்பார்கள்; ஒன்றும் கிடைக்காது. அவள் ஜெயிப்பாள். அடுத்த ஊர்வலத்துக்கும் போவாள், எதையும் எழுதித் தரவில்லை என்ற தைரியத்தில். ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசுவாள். அப்போது யாரோ இந்தத் தாளை எடுத்து வீசுவார்கள். அவள் அதில் இருக்கிற வாலைப் பார்ப்பாள். இந்தத் தடவை யார் போட்டது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வராது.

"சார், ஒண்ணு பண்றேன்" என்றார். "என் பேர்ல எழுதித் தரேன். நான் இதுவரைக்கும் எந்தப் போராட்டத்துக்கும் போனதில்ல, இனிமேயும் போக மாட்டேன்னு."

செயலாளர் சிரித்துவிட்டார். "உங்களை யாருங்க கேட்டா?"

"யாரும் கேக்கல இல்ல?" மழைக்காரர் தாளைச் சுவரிலிருந்து எடுத்தார். "நல்லதாப் போச்சு. வாய் தவறிச் சொல்லிட்டேன். கேட்டாலும் தர மாட்டேன்."

"பத்து வருஷங்க."

"ஆமா சார். அவ நடந்தது."

பேனாவை மூடித் தாளோடு சேர்த்துக் கொடுத்தார். படிக்கட்டு அடியிலிருந்து வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. மகள் மைதான வாசலைத் தாண்டிச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். அவளை நடந்து பிடிக்கிறவர் யாருமில்லை. அவர் ஓடினார்.

பேருந்து நிறுத்தத்தில் பிடித்தபோது அவருக்கு இளைத்தது. அவள் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

"கூப்பிட்டு என்னப்பா சொன்னாரு?"

ஒண்ணுமில்ல என்று சொல்ல வாய் வந்தது. குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"பேனாவத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "அப்புறம்?"

"மூடிக் குடுத்துட்டேன்."

அவள் கண்ணோரத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். எதிர்க்கடைச் சுவரில் கடிகாரம் மூணே முக்காலைக் காட்டியது. மைதான வாசல் அங்கிருந்தே தெரிந்தது. திரும்பிப் போனால் நாலு நிமிடம், அவளுக்கு இரண்டு நிமிடம். அவர் நின்ற இடத்தில் நிற்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தார். அவள் பையின் வாரைத் திருகினாள், பிரித்தாள், திருகினாள்.

அவர்கள் ஊர்ப் பேருந்து வந்து நின்றது. உட்கார இடமிருந்தது. நடத்துனர் ஏறுங்க ஏறுங்க என்று கதவைத் தட்டினார்.

"அடுத்ததுல போலாம்பா" என்றாள் மகள்.

அந்தப் பேருந்து போனது. இருவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். யாரும் வாசல் பக்கம் நகரவில்லை. பெரிய முள் பத்தைத் தாண்டியது, பதினொன்றைத் தாண்டியது. பன்னிரண்டுக்கு வந்து நின்றது, மணி நாலு; பிறகு அதையும் தாண்டி ஒரு கோடு நகர்ந்தது.

"இப்ப போலாம்" என்றாள்.